அனுபவமும் ஓய்வு பெற வேண்டுமா?



ஆண்டுதோறும் நம் தமிழ்ப்பள்ளிகளில் பிரியாவிடை விருந்துகள் நடைபெறுகின்றன. அறுபது வயதை எட்டிய ஆசிரியருக்கு மாலை அணிவித்து, பொன்னாடை போர்த்தி, மாணவர்கள் பாட்டுப் பாட, கண்கலங்கி வழியனுப்பி வைக்கிறோம். மறுநாள் அவருடைய மேசை இன்னொருவருக்குப் போய்விடுகிறது. கோப்புகளையும் பாடத்துணைப்பொருள்களையும் பட்டியலிட்டு ஒப்படைக்கச் சொல்கிறோம். ஆனால், முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் சேர்த்து வைத்த வகுப்பறை அறிவை ஒப்படைக்கும்படி யாரும் கேட்பதில்லை.

கேட்டாலும் அவரால் அதை எளிதில் ஒப்படைக்க முடியாது. "டீச்சர், உங்கள் வெற்றியின் இரகசியம் என்ன?" என்று அத்தகைய விருந்து ஒன்றில் பயிற்சி ஆசிரியை ஒருவர் கேட்டார். "பொறுமைதான் அம்மா" என்றார் ஓய்வு பெறும் ஆசிரியை. உண்மையான விடைதான். ஆனால், அதைக் கேட்ட பயிற்சி ஆசிரியை மறுநாள் காலையில் முதலாம் ஆண்டு வகுப்பில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த நாள்முதல் என் மனத்தில் இருந்துவரும் கேள்வி இது. வல்லுநர் ஒருவரின் மனத்தில் இருப்பதை வெளியே கொண்டுவந்து, புதியவர் பழகிப் பார்க்கும் பயிற்சியாக மாற்றுவது எப்படி? கணினித் துறையினர் இதே கேள்வியோடு அரை நூற்றாண்டுக் காலமாக மல்லுக்கட்டி வருகின்றனர். அவர்கள் கண்ட உண்மைகள் நமக்கும் பயன்படும் என்பதால், ஆசிரியப் பெருமக்களோடும் பெற்றோர்களோடும் அவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

மஸ்ஜித் இந்தியாவில் கேட்ட ஒரு கேள்வி

பள்ளி விழாக்களுக்கு வேட்டி, பாவாடை, தோரணம் என எது வேண்டுமானாலும் கோலாலம்பூரில் எங்கள் கால்கள் மஸ்ஜித் இந்தியாவுக்குத்தான் போகும். அந்தச் சாலைக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் 1863இல் இந்திய முஸ்லிம் வணிகர்களால் எழுப்பப்பட்டது. இன்று அங்கே நிற்பது பிற்காலக் கட்டடம். சுற்றிலும் துணிக்கடைகள், நகைக்கடைகள், பூக்கடைகள். தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் கற்றுக்கொண்ட இடம் அது.

ஒருநாள் துணிக்கடை ஒன்றில் காத்திருந்தேன். தாயும் மகளுமாக இருவர் பட்டுச்சேலை பார்க்க வந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் அடுக்கடுக்காக இருபது சேலைகளை எடுத்து விரித்தார். அவர்கள் எதிலும் மனம் வைக்கவில்லை. பிறகு மூத்த விற்பனையாளர் ஒருவர் வந்து மூன்றே சேலைகளை எடுத்து வைத்தார். மூன்றாவது சேலையை அவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

"எப்படி ஐயா கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டேன். "பார்த்தாலே தெரிந்துவிடும் சார், எத்தனை வருசப் பழக்கம்!" என்றார். நான் கேள்வியை மாற்றினேன். "அந்த அம்மா என்ன செய்ததைப் பார்த்து மற்றச் சேலைகளை ஒதுக்கினீர்கள்?" சற்று யோசித்தவர், "அந்தம்மா முந்தானையைப் பார்க்கவில்லை சார். கரையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார்கள். சரிகை தெரிந்தவர்கள்தாம் அப்படிப் பார்ப்பார்கள். அவர்களிடம் பளபளப்பைக் காட்டிப் பயனில்லை" என்றார். அருகில் நின்ற இளைஞரின் முகத்தில் அப்போதுதான் தெளிவு பிறந்தது.

முதல் கேள்விக்குக் கிடைத்த விடை பெருமையாக இருந்தது. இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த விடையோ பாடமாக இருந்தது. கேட்கப்பட்ட மனிதர் ஒருவரே, கேள்விதான் வேறு.

முற்காலத்தில் இப்படிக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மஸ்ஜித் இந்தியாவிலிருந்து சில நிமிட நடையில் லெபோ அம்பாங் இருக்கிறது. அங்கே செட்டியார்களின் கிட்டங்கிகள் செயல்பட்ட காலத்தில், சிறுவனாக வந்தவன் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, பின்னர் மேலாளாக உயர்வான். ஆண்டுக்கணக்கில் அருகில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்தே தொழிலைக் கற்றான். நம் பயிற்சி ஆசிரியர்களுக்கு அத்தனை ஆண்டுகள் கிடைப்பதில்லை. சில வாரங்கள் பள்ளியில் பயிற்றுப்பணி; பிறகு சொந்தமாக ஒரு வகுப்பு. ஆண்டுகளை வாரங்களாகச் சுருக்க ஏதேனும் வழி உண்டா என்று தேடும்போதுதான் பாவனைப் பயிற்சி, அதாவது சிமுலேஷன், கண்முன் வந்து நிற்கிறது. 1929இலேயே எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகும் கருவியை உருவாக்கினார். விமானிக்கு உதவிய வழி ஆசிரியருக்கும் உதவாதா?

மருத்துவம் பார்த்த கணினியும் பாடம் நடத்திய கணினியும்

விமானத்தின் இயக்கத்தைக் கணக்குகளாக எழுதிவிடலாம். மனிதரின் தீர்மானத்தை எழுதுவதுதான் கடினம்.

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'மைசின்' என்ற மென்பொருள் உருவானது. எட்வர்டு ஷார்ட்லிஃப் என்பவர் முன்னின்று உருவாக்கிய இது, இரத்தத்தில் பரவும் தொற்று, மூளையுறை அழற்சி ஆகிய நோய்களுக்கு மருந்து பரிந்துரைக்கும். வல்லுநர்களிடம் கேட்டுக் கேட்டு, 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்னும் வடிவில் நூற்றுக்கணக்கான விதிகளை அதற்குள் எழுதினார்கள். சோதித்துப் பார்த்தபோது அதன் பரிந்துரைகள் அத்துறைப் பேராசிரியர்களின் பரிந்துரைகளுக்குக் குறைந்தவையாக இல்லை.

இத்தகைய பணிக்கு 'அறிவுப் பொறியியல்' என்று பெயர். இதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் எட்வர்டு ஃபைகன்பாம். 1994ஆம் ஆண்டின் டூரிங் விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்து 1958இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி. வல்லுநரின் மனத்திலிருந்து அறிவை வெளியே எடுப்பதுதான் இத்துறையின் குறுகிய வழி என்று ஃபைகன்பாம் அப்போதே சுட்டிக்காட்டினார். அகலமான சாலை பாலத்தருகே குறுகி வண்டிகள் தேங்கி நிற்பதுபோல, வேலை அங்கேதான் தேங்குகிறது.

ஆசிரியர்களுக்குரிய செய்தி இனிமேல்தான் வருகிறது. இவ்வளவு நன்றாக மருத்துவம் பார்க்கும் மைசினை வைத்தே மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தலாம் என்று எண்ணி, வில்லியம் கிளான்சி என்ற ஆய்வாளர் 'கைடன்' என்ற பயிற்சி மென்பொருளை 1970களின் பிற்பகுதியில் உருவாக்கினார். விதிகள் அத்தனையும் உள்ளே இருந்தன. ஆனால், அவற்றைக் கொண்டு மாணவருக்கு விளங்க வைப்பது கடினமாக இருந்தது.

அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று நமக்கு நன்கு பொருந்தும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டெட்ராசைக்கிளின் மருந்தைக் கொடுக்காதே என்று மைசினில் ஒரு விதி. அந்த மருந்து வளரும் பல்லிலும் எலும்பிலும் படிந்து, பல்லின் நிறத்தைக் கெடுத்துவிடும் என்பதுதான் காரணம். மருத்துவருக்கு அது தெரியும். அதனால் விதியை மட்டும் சொன்னார். காரணம் எழுதப்படவே இல்லை. மருந்து கொடுக்க விதி போதும். கற்பிக்கவோ காரணமும் வேண்டும். எதை முதலில் பார்ப்பது, எதைச் சந்தேகிப்பது, எந்த வரிசையில் கேட்பது ஆகியவையும் வேண்டும். எனவே, கிளான்சி அவற்றையெல்லாம் தனியே பிரித்து எழுதி, 'நியோமைசின்' என்ற புதிய அமைப்பை உருவாக்க வேண்டியதாயிற்று.

நன்றாகச் செய்யத் தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு என்று நாம் ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வது உண்டு. கணினி அதை மெய்ப்பித்துக் காட்டிவிட்டது.

தரை இடிந்து விழுவதற்கு முன்

அப்படியானால் காரணங்களை எப்படிக் கேட்டு வாங்குவது? 1980களில் கேரி கிளைன் என்ற உளவியலாளர் தீயணைப்புப் படைத்தலைவர்களை ஆராய்ந்தார். அவர் பதிவு செய்த நிகழ்வு ஒன்று பலரும் அறிந்தது. ஒரு வீட்டின் பின்பக்கத்தில், சமையலறைப் பகுதியில் தீ. வீரர்கள் தண்ணீரைப் பாய்ச்சியும் தீ அடங்கவில்லை. ஏதோ சரியில்லை என்று உணர்ந்த தலைவர் எல்லாரையும் உடனே வெளியேறச் சொன்னார். அவர்கள் வெளியேறியதும், நின்றிருந்த தரையே இடிந்து விழுந்தது. தீயின் மூலம் அவர்கள் காலடியில், நிலவறையில் இருந்தது.

எப்படித் தெரிந்தது என்று கேட்டபோது, தமக்கு ஏதோ அமானுஷ்ய சக்தி இருப்பதாகவே அந்தத் தலைவர் நம்பினார். கிளைன் விடவில்லை, அந்நிகழ்வைக் கணம் கணமாகத் திரும்பச் சொல்ல வைத்தார். அப்போது இரண்டு குறிப்புகள் வெளிவந்தன. சமையலறைத் தீக்கு அந்த அறையில் இருந்திருக்க வேண்டியதைவிட வெப்பம் அதிகம். அவ்வளவு வெப்பமான தீக்கு இருந்திருக்க வேண்டிய ஓசை இல்லை. எதிர்பார்த்ததும் கண்டதும் பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமையைத்தான் அவருடைய உடம்பு ஆபத்தென உணர்ந்திருக்கிறது.

பொதுவாகக் கேட்காமல், கடினமாக இருந்த ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, என்ன கண்டீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், வேறு என்ன செய்திருக்கலாம் என்று படிப்படியாகக் கேட்கும் இம்முறையைக் கிளைனும் அவருடைய குழுவினரும் 1989இல் கட்டுரையாக வெளியிட்டனர்.

ஏட்டைத் திருப்பிய விரல்

இதைப் படித்த பிறகு, ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்த மூத்த ஆசிரியை ஒருவரிடம் சென்று அமர்ந்தேன். முதலாம் ஆண்டு வகுப்பிலேயே பெரும்பாலான காலத்தைக் கழித்தவர் அவர். "அம்மா, எல்லாரும் நன்றாக வாசிக்கிறான் என்று சொல்லி, நீங்கள் மட்டும் இல்லை என்று சொன்ன ஒரு பிள்ளையை நினைவுபடுத்திச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு ஒரு சிறுவனைப் பற்றிச் சொன்னார். படக்கதை நூலைக் கையில் கொடுத்தால் தங்குதடையின்றி வாசிப்பான். பாலர் பள்ளியில் மலாயும் ஆங்கிலமுமே படித்து வந்தவன், தமிழை இவ்வளவு விரைவாகக் கற்றுவிட்டானே என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி.

"உங்களுக்கு எப்போது ஐயம் வந்தது?"

"ஏட்டைத் திருப்பும்போது தம்பி. பக்கத்தில் இன்னும் இரண்டு சொல் பாக்கி இருந்தது. அவன் விரல் ஏட்டைத் திருப்பிவிட்டது. வாய் மட்டும் அந்த இரண்டு சொல்லையும் சொன்னது. கண் பார்க்காததை வாய் எப்படி வாசிக்கும்?"

"பிறகு என்ன செய்தீர்கள்?"

"படத்தைக் கையால் மறைத்தேன். குரல் தாழ்ந்தது. நடுவில் இருந்த ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்றேன். அவன் அந்தச் சொல்லைப் பார்க்கவில்லை. வாக்கியத்தை முதலிலிருந்து மெதுவாக முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லை அடைந்தான். வீட்டில் அக்கா தினமும் வாசித்துக் காட்டுகிறாளாம். அவ்வளவும் மனப்பாடம்! கெட்டிக்காரப் பிள்ளை. கெட்டிக்காரன் என்பதால்தான் யாரும் கண்டுபிடிக்கவில்லை."

எதைக் கண்டிருந்தால் வேறு முடிவுக்கு வந்திருப்பீர்கள் என்றும் கேட்டேன். "முதல் எழுத்தைக் கூட்டிச் சொல்ல முயன்றிருந்தால், வாசிக்கத் தெரியும், கூச்சம் என்று விட்டிருப்பேன். புத்தகத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோனால், முதலில் கண்ணைச் சோதிக்கச் சொல்லிப் பெற்றோருக்குச் சொல்லியனுப்புவேன். 'கொ' என்பதில் முதலில் கொம்பைப் பார்த்து 'கெ' என்று தொடங்கித் தடுமாறினால், அது நல்ல அடையாளம் தம்பி. பிள்ளை எழுத்தைப் பார்க்கிறான் என்று பொருள்."

அந்தச் சிறுவனை அவர் கடிந்துகொள்ளவில்லை. அவன் வாயால் சொன்ன ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதி, சொல் சொல்லாக வெட்டி, கலைத்துப் போட்டு, மறுபடி அடுக்கச் சொன்னார். தன் சொந்த வாக்கியம் ஆதலால் அவனுக்கு அதில் ஆசை. கலைந்து கிடந்ததால் மனப்பாடம் உதவவில்லை. எழுத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

பொறுமை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருந்தன. கேட்டிராவிட்டால் அவை அவரோடு வீட்டுக்குப் போயிருக்கும். இத்தகைய பிள்ளையை முதலாம் ஆண்டில் கண்டுகொள்ளத் தவறினால், படங்கள் குறைந்து பத்திகள் நீளும் நான்காம் ஆண்டில்தான் தெரியவரும். அதற்குள் அவன் தன்னை மந்தமானவன் என்று நம்பத் தொடங்கியிருப்பான்.

இதில் மென்பொருள் முகவர் எங்கே வருகிறார்?

தானாகச் சூழலை உணர்ந்து, தனக்கென ஒரு நோக்கத்தோடு செயல்படும் மென்பொருளை முகவர் என்கிறோம். 1990களின் பிற்பகுதியில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் ரிக்கலும் லூயிஸ் ஜான்சனும் 'ஸ்டீவ்' என்ற முகவரை உருவாக்கினார்கள். அது கப்பலின் இயந்திர அறையைப் போன்ற மெய்ந்நிகர் உலகில் மனித உருவில் நின்று, கருவியை இயக்கிக் காட்டும். பயிற்சி பெறுபவர் இயக்கும்போது கவனிக்கும். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் காரணம் சொல்லும்.

ஆசிரியர் பயிற்சிக்கும் இம்முயற்சி வந்தது. 'சிம்ஸ்கூல்' என்ற அமைப்பில் மாணவர்களாக மென்பொருள் முகவர்களே இருப்பார்கள். ஆசிரியர் கொடுக்கும் பணிக்கும் பேசும் சொல்லுக்கும் ஏற்ப, ஒவ்வொரு மாணவரின் கற்றலும் மனநிலையும் மாறும். மத்திய ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகத்தின் 'டீச்லைவ்' அமைப்பில், திரையில் தெரியும் மாணவர்களுக்குப் பின்னால் பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர் இருந்து குரல் கொடுப்பார். நம் தோற்பாவைக் கூத்தைப் போல.

இவற்றில் எதுவும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையைக் கண்டதில்லை. 2022இன் இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, "நீ ஏழு வயதுப் பிள்ளை" என்று கட்டளையிட்டாலே கணினி நடிக்கிறது. ஆனால், தமிழை மூன்றாவது மொழியாகக் கேட்டு வளர்ந்த செந்தூல் பிள்ளை எங்கே தடுமாறுவான் என்பதை யாரேனும் எழுதிக் கொடுத்தால்தானே அது நடிக்க முடியும்? எழுதப்படாததைக் கணினி எங்கிருந்து கற்கும்?

மேற்சொன்ன சிறுவனையே எடுத்துக்கொள்வோம். மனப்பாடம் வலுவானது, எழுத்தறிவு குறைவு, தன்மானம் மிகுதி. இம்மூன்றும் முகவரின் உள்நிலை. ஏட்டை முன்கூட்டியே திருப்புதல், அது வெளியே காட்டும் குறிப்பு. படத்தை மறைத்தால் குரல் தாழ வேண்டும். நடுச்சொல்லைத் தொட்டால் முதலிலிருந்து முணுமுணுக்க வேண்டும். கடிந்துகொண்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பாராட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டால், எதுவும் வெளிப்படாமல் பாடம் இனிதே முடிய வேண்டும். இந்தக் கடைசி விதிதான் முக்கியமானது. தவறியதே தெரியாமல் தவறுவது எப்படி இருக்கும் என்பதைப் புதியவர் அங்கேதான் பட்டு உணர்வார். உண்மையான பிள்ளைக்கு எந்த இழப்பும் இல்லை.

இதற்குக் கணினி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஆசிரியை சொன்னதை ஓர் அட்டையில் எழுதி, பயிற்றுப்பணிக்கு வந்த மூவரிடம் கொடுத்தேன். ஒருவர் பிள்ளையாக நடிக்க, ஒருவர் ஆசிரியராக, ஒருவர் பார்வையாளராக. "பிரமாதமாக வாசித்தாய்!" என்று கைதட்டி முடித்தார் முதலாமவர். அட்டையைப் படித்துக் காட்டியதும் அறையில் எழுந்த அமைதி எனக்கு நினைவிருக்கிறது. அட்டை இருந்தால் நாளை அது மென்பொருளாகலாம். அட்டையே இல்லையென்றால் எந்த மென்பொருளும் உதவாது.

கவனிக்க வேண்டியவை

அனுபவத்தோடு ஒருதலை எண்ணமும் கலந்து வரும். 'தோட்டத்துப் பிள்ளை அப்படித்தான்', 'அந்தக் குடும்பமே அப்படித்தான்' என்பவை அறிவு அல்ல. அவற்றையும் அட்டையில் எழுதிவிட்டால், முகவர் அதையே ஆயிரம் பேருக்குக் கற்பிக்கும். எந்தக் குறிப்பைக் கண்டு சொல்கிறீர்கள் என்று கேட்டால், பதர் தானே பறந்துவிடும்.

இரண்டு மூத்தவர்கள் மாறுபட்டால் ஒருவரை ஒதுக்க வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரையோ அடையாளத்தையோ பதிவு செய்யக்கூடாது. பாவனைப் பயிற்சி வகுப்பறைக்கு மாற்றாகவும் ஆகாது. பசியோடு வந்த பிள்ளையின் முகத்தை எந்தத் திரையும் முழுமையாகக் காட்டிவிடாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. உங்களுக்கே கடினமாக இருந்த ஒரு பிள்ளையை, ஒரு நாளை நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.
2. முதலில் எதைக் கண்டீர்கள், எதைக் கேட்டீர்கள்?
3. அதைக் கண்டதும் என்ன எதிர்பார்த்தீர்கள்?
4. எதைக் கண்டிருந்தால் வேறு முடிவுக்கு வந்திருப்பீர்கள்?
5. அந்த இடத்தில் புதிய ஆசிரியர் இருந்தால் என்ன செய்திருப்பார்?
6. நீங்கள் செய்ததற்குக் காரணம் என்ன?

பெற்றோர்களே, இது உங்களுக்கும் உரியது. பிள்ளை பொய்யாக வயிற்றுவலி என்கிறதா, மெய்யாகவா என்று பாட்டிக்கு எப்படித் தெரிகிறது? இதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளிக்கு ஓர் ஆசிரியர், ஆளுக்குப் பத்து நிகழ்வுகள் என்று எழுதினாலே ஐயாயிரத்துக்கு மேல் சேரும். எந்தப் பயிற்சிக் கழகமும் இதுவரை கண்டிராத கருவூலம் அது. இவ்வாண்டு உங்கள் பள்ளியிலிருந்து ஓய்வு பெறுபவர் யார் என்று பாருங்கள். பொன்னாடை வாங்கும் முன் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். ஒரு பிற்பகல் அவர் எதிரில் அமர்ந்து முதல் கேள்வியைக் கேளுங்கள்.